வாழைநாரால் கட்டிய கெபாசிட்டர்

சம்மந்தியை வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. "வரும்போது டூல் பேக்கையும் எடுத்துக்கினு வரச் சொல்லு" என்று மருமகளிடம் சொல்லி அனுப்புவது அந்த முறையில் சேராது. அன்னமேரி அப்படித்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, பக்கத்தில் நின்றவர்களுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னாள்.

மருமகள் ஜூடிக்கு வாய் கசந்தது. சற்று முன்புதான் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய வாய் அது. அதனால் துப்பவும் முடியவில்லை.

ஜவ்வாது மலை மேலே ஏறிவிட்டால் சித்திரையிலும் உடம்பு போர்வை கேட்கும். மலையடியில், படவேடு பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறை பொழுது சாய்ந்ததும் ஊர் மேல் கக்கும். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கௌரவமானவர்கள். "மாடி ரூமு மட்டும் கொஞ்சம் சூடா கீதுங்க" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு அது போதாதா?

ஜூடியின் அப்பா டோமினிக் போளூரில் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கடையில் எத்தனையோ பழைய ஏசி கிடந்தும், ஒரே மகளுக்குச் சீர் என்பதால் ஷோரூமில் புதுசாகவே வாங்கினார். பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்து, ஊரார் பார்க்க இறக்கி, தன் கையாலேயே மாட்டிக்கொடுத்தார். வெளி யூனிட்டை மொட்டைமாடியில் நிழல் பார்த்து நிறுத்தினார். அது நன்றாகத்தான் ஓடியது. ஈஸ்டருக்குப் பிறகு அத்தை மகள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக ஜூடி போளூர் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, ஏசியிலிருந்து வெறும் காற்று வந்தது.

அன்றைக்குப் பிடித்தது சனி. "கடையில வாங்குனாரா, ரிப்பேருக்கு வந்தத பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாரா?" என்று அன்னமேரி ஆரம்பித்தாள். அடுத்த வாரம் அந்தக் கேள்விக்குறி போய்விட்டது. பழசைத்தான் தலையில் கட்டிவிட்டார் என்று பால்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜூடியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாமானும் அப்படி, பொண்ணும் அப்படி" என்றாள். கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பவில்லை.

அப்போது அவள் புருஷன் ஜோபின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவன். பத்துக் கட்டளையை வரிசை மாறாமல் ஒப்பிக்கச் சொல்லிப் பிரம்பால் மேசையைத் தட்டுகிறவன். ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்து பிசைந்து சோறே கூழாகிவிட்டது. தலையை மட்டும் தூக்கவில்லை.

"கேரண்டி கீதே, கம்பெனிக்கு போன் பண்ணட்டுங்களா?" என்று ஜூடி ஒருமுறை கேட்டாள்.

"வேணா, வேணா" என்றான் அவசரமாக. "அவனுங்க வந்தா ஆயிரம் கேள்வி கேப்பானுங்க. உங்க அப்பாவையே கூப்டு. வூட்டு மனுஷரு வூட்டோட முடிச்சிட்டுப் போவாரு."

வீட்டு மனுஷர் திங்கட்கிழமை காலையில் வந்தார். வண்டியில் ஒரு பக்கம் டூல் பேக், இன்னொரு பக்கம் போளூர் ஸ்வீட் கடைப் பை. வாழைத்தோப்புக்காரர்கள் வீட்டுக்கு வாழைப்பழம் வாங்கி வந்தால் சிரிப்பார்கள் என்று மைசூர்பாகாகப் பார்த்து வாங்கியிருந்தார். அன்னமேரி பையை வாங்கிக்கொண்டாள். ஆளை வாங்கிக்கொள்ளவில்லை.

"இப்பதான் தரை தொடச்சேன் சம்மந்தி. மாடிப்படி வெளிய கீது பாருங்க, அப்படியே போய்டுங்க."

டோமினிக் சிரித்தபடி வெளிப்படியில் ஏறினார். கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி போனது, பேப்பர் கப்பில். வாழைத்தார் வெட்ட வருகிற ஆட்களுக்கென்று கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருக்கும் கப். எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வரிசையாகத்தான் இருந்தன. ஜூடி அந்தக் கப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறியபோது, அதைத் தன் கையாலேயே அப்பாவுக்குக் கொடுக்கப் போகிறோமே என்று கூசினாள். அப்பா ஒன்றும் பார்க்காதவர்போல வாங்கிக் குடித்தார். அவர் பார்க்காதவர்போல இருப்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உள்ள போய் ரிமோட்ட அமுத்தும்மா. நல்லா கீழ எறக்கி வை" என்றார்.

அமுக்கினாள். வெளி யூனிட்டில் ஃபேன் சுற்றியது. உள்ளேயிருந்து கம்ப்ரஸர் ம்ம்ம் என்று முனகியது. முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, டக் என்று அடங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி முனகல், மறுபடி டக். ரிப்பேர் கடையில் ஸ்டூல் போட்டு வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் ஜூடி. அந்தச் சத்தம் அவளுக்கே தெரியும். கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கிறது. அதைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டர்தான் போய்விட்டது. தள்ளிவிட ஆளில்லாத வண்டிதான் இப்படி நின்ற இடத்தில் உறுமும்.

டோமினிக் மெயினை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டின் ஸ்குருக்களைக் கழற்றினார். தகடு வந்ததும் ஒரு நாற்றம் வந்தது. ஒரு பல்லி உள்ளே கருகிச் செத்து, அதன் மேல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஜூடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்போன் டார்ச்சை அடித்தாள். டோமினிக் குச்சியால் பல்லியைத் தள்ளிவிட்டு, இரண்டு ஒயர் தொங்கும் ஒரு பல்பை எடுத்துக் கெபாசிட்டரின் முனைகளில் வைத்தார். மின்சாரத்தை நிறுத்தினாலும் கெபாசிட்டருக்குள் கொஞ்சம் தங்கி நிற்கும்; தெரியாமல் கை வைத்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். அதைப் பல்பில் இறக்கிவிட்டுத்தான் அவர் எப்போதும் தொடுவார். பல்பு மினுக்கக்கூட இல்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் எழவே இல்லை. டப்பாவின் தலை பூரிபோல உப்பியிருந்தது.

"செத்துப்போச்சு" என்றார். "இது ஒண்ணுதாம்மா. மாத்திட்டா ஓடிடும்."

சொன்னவர் அதைக் கழற்றப் போய், கையை அப்படியே நிறுத்தினார். ஜூடியும் பார்த்தாள். புது ஏசியின் கெபாசிட்டர் செம்மண் அப்பிக் கிடந்தது. அடியில் குளவி கட்டிய மண்கூடு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அதை இடத்தில் நிறுத்திவைக்கிற இரும்புப் பட்டையைக் காணோம். அதற்குப் பதிலாக வாழைநாரால் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

எந்தக் கம்பெனிக்காரன் வாழைநாரால் கட்டி அனுப்புகிறான்? படவேட்டில் வெற்றிலைக் கட்டு முதல் வேலிப்படல் வரை எதற்கும் வாழைநார்தான். இது இந்த மண்ணின் கை போட்ட முடிச்சு.

டோமினிக் கட்டரை எடுத்து நாரை நறுக்கினார். நறுக்கியதைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாப்பா அது?"

"ஒண்ணுமில்லம்மா. குப்பை."

"குப்பைய எதுக்குப் பையில போடறீங்க?"

"டார்ச்ச நேரா புடி" என்றார்.

பையிலிருந்து அதே அளவு புதுக் கெபாசிட்டரை எடுத்து, ஒயர்களை மாறாமல் செருகி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, தகட்டை மூடினார். மெயினைப் போட்டதும் கம்ப்ரஸர் முனகாமல் ஒரே மூச்சில் எழுந்து ஓடியது. மாடி அறை கொஞ்ச நேரத்தில் சில்லிட்டது. வேலை அவ்வளவுதான். இந்தச் சின்ன டப்பாவுக்காகத்தான் அவர் மானம் கோயில் வாசல் வரைக்கும் போயிருந்தது.

கீழே வந்தவர் துடைத்த தரையில் கால் படாமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். அன்னமேரி உள்ளே நாற்காலியில் இருந்தாள். ஜோபின் கதவில் சாய்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா கோளாறாம் சம்மந்தி?"

டோமினிக் உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டார். "ஒரு பார்ட்டு வீக்கா இருந்திச்சுங்க. நான் மாட்டும்போதே செக் பண்ணிருக்கணும். என் தப்புதான்."

"நான் சொல்லல?" என்று அன்னமேரி மகனைப் பார்த்தாள்.

ஜோபின் செல்போனிலிருந்து கண்ணை எடுத்தான். பெரிய மனசு பண்ணுகிறவன்போலத் தலையசைத்தான். "சரி வுடுங்க மாமா. அடுத்த தடவ பாத்து செய்ங்க."

"சரிங்க மாப்ள" என்றார் டோமினிக்.

ஜூடிக்கு அங்கே நிற்க முடியவில்லை. நாற்றம் மாடியிலேயே நின்றுவிடும் என்று நினைத்தாள். அது கூடவே இறங்கி வந்திருந்தது. யார் கட்டிய முடிச்சு அது? மாமனார் செல்வநாதனாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். தோப்பில் கிடக்கிற மனுஷன், நார் அவர் கையில்தான் எப்போதும் இருக்கும். "மாமாவச் சாப்பிடக் கூப்பிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கத் தோப்புக்குள் இறங்கினாள்.

செல்வநாதன் மோட்டார் ரூம் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்று வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூதுவாது தெரிந்த முகம் அல்ல.

"மோட்டாரு நல்லா ஓடுதா மாமா?"

"ஜம்முனு ஓடுதும்மா" என்றார். "நடுவுல ஒருநா கண்டன்சரு பூடுச்சு. நீகூட ஞானஸ்நானத்துக்குப் போளூரு போயிருந்த பாரு, அன்னிக்கு. ஞாயித்துக்கெழம, ஒரு கடை தொறக்கல. வாழக்கன்னெல்லாம் துவண்டு நிக்குது. ஜோபின்தான் எங்கியோ அலைஞ்சு புதுசு ஒண்ணு கொண்டாந்து போட்டான். அன்னிலேர்ந்து ஒரு பிரச்சன இல்ல. புள்ளைக்கு ராசியான கை."

மோட்டார்காரர்கள் கண்டன்சர் என்று சொல்வதும் ஏசிக்காரர்கள் கெபாசிட்டர் என்று சொல்வதும் ஒரே பொருள்தான். மெக்கானிக் மகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜூடி மோட்டார் ரூமுக்குள் போனாள். ஸ்விட்ச்சை இறக்கிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தாள். சிலந்திக்கூட்டுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே பளபளவென்று ஒரு வெள்ளி டப்பா நின்றது. அதன் மேல் அவளுடைய ஏசிக் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. ஏசியில் காணாமல்போன இரும்புப் பட்டையும் அங்கேதான் இருந்தது. திருடின பொருளுக்கு ஒழுங்கான பட்டை, செத்த பொருளுக்கு வாழைநார். நல்ல விவரம்தான்.

மோட்டார் நின்ற சத்தம் கேட்டு ஜோபின் வந்தான். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டான்.

"பயிரு காஞ்சிச்சு, எடுத்தீங்க. அது சரி" என்றாள் ஜூடி. அவள் குரல் அவளுக்கே அதிசயமாக அமைதியாக இருந்தது. "செத்துப்போனத எதுக்கு அந்த எடத்துல வச்சுக் கட்டுனீங்க?"

அவன் யோசித்தான். கணக்கு வாத்தியார் அல்லவா, கேட்ட கேள்விக்கு விடை சொன்னான்.

"காலியா வுட்டா யாராச்சும் தொறந்து பாத்தா தெரிஞ்சிடும்ல."

கருகின பல்லிகூட இவ்வளவு நாறவில்லை. இவன் பக்கத்தில்தான் இத்தனை நாள் படுத்திருந்தாள். இவனும் அதே புழுக்கத்தில் வியர்த்துக் கிடந்தான். தெரிந்தே கிடந்தான். அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்டு, ரசத்தோடு பிசைந்து விழுங்கியிருக்கிறான்.

"மறுநாளே ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னுதான் இருந்தேன்" என்றான் ஜோபின். "அதுக்குள்ள அம்மா உங்க அப்பாவப் பத்தி ஆரம்பிச்சிட்டாங்க. அப்பால எப்படிச் சொல்றது? நான்தான்னு சொன்னா என்னைய இன்னா நெனப்பாங்க?"

"எங்க அப்பாவ இன்னா நெனச்சாங்க?"

"அவருதான் ஒத்துக்கினாரே ஜூடி. அவரே என் தப்புன்னு சொல்லிட்டாரு. மேட்டர் முடிஞ்சுபோச்சு. வுடேன்."

வாசலில் மண்வெட்டியோடு நின்ற செல்வநாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "டேய், சம்மந்தி குடுத்த சாமானாடா?" என்றார். அவர் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பிறகு நின்றுபோன தண்ணீரைப் பார்த்தார். "ஸ்விட்ச்சப் போடும்மா, அந்தக் கடைசிப் பாத்தி இன்னும் நனையல" என்று சொல்லிவிட்டு மடை திருப்பப் போய்விட்டார். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர் எடுத்தவர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எந்தப் பக்கமும் சேராமல் இருந்தால் போதும்போல.

ஜூடி வீட்டுக்குத் திரும்பியபோது அன்னமேரி மாடி அறையில் கட்டில் மேல் காலை நீட்டி உட்கார்ந்து குளிர் வாங்கிக்கொண்டிருந்தாள். டோமினிக் வெளிப்படியில் உட்கார்ந்து டூல் பேக்கின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். ஜூடி அப்பாவைக் கையைப் பிடித்து மாடி அறை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஜோபினும் பின்னாலேயே ஏறி வந்தான்.

"அத்த, ஏசியில இருந்த நல்ல கெபாசிட்டர உங்க புள்ள கழட்டி மோட்டாருக்குப் போட்டிருக்காரு. மோட்டாருல இருந்த செத்தத இங்க வச்சுக் கட்டிருக்காரு. எங்க அப்பா பழச எதையும் தலையில கட்டல."

அன்னமேரி மகனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். அவள் முகத்தில் ஏதாவது சுருங்கும் என்று ஜூடி காத்திருந்தாள். சுருங்கவில்லை. ஏசிக் காற்றில் பறந்த முடியை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள்.

"ஆம்பளப் புள்ள, ஏதோ அவசரத்துக்கு எடுத்திருப்பான். வூட்டுப் பொருளு வூட்ல எங்க இருந்தா இன்னா? இதுக்குப் போயி பஞ்சாயத்தா?"

ஆக, சம்மந்தி செய்தால் மோசடி; மகன் செய்தால் அவசரம். பேசிய வாய் ஒன்றுதான். நேற்றுவரை அது எத்தனை பேரிடம் எதையெல்லாம் சொல்லியதோ, அதையெல்லாம் போய் யார் அள்ளி வருவது? மன்னிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார்கள், அதுவும் ஆண்டவரிடம் மட்டும்.

டோமினிக் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சின்னப் பொண்ணு, ஏதோ பேசிடுச்சு. மாப்ள, நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க."

அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்ததும்தான் ஜூடிக்கு எல்லாம் விட்டுப்போனது. ஸ்குரு திருகித் திருகித் தழும்பேறின கை. இந்தக் கூட்டத்தின் முன்னால் அது இப்படி ஒட்டி நிற்பதற்குத் தானும் ஒரு காரணம் என்று நினைத்தபோது, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தான் இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அந்தக் கை பிரியாது.

"கைய எறக்குங்கப்பா" என்றாள். "நான் உங்களோட வர்றேன்."

கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். டோமினிக் டூல் பேக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். வண்டி பக்கத்தில் அவளை மறித்துக்கொண்டு கெஞ்சினார்.

"அந்த நாரப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சும்மா. நீ இங்க வாழணுமேன்னுதான் முழுங்கிட்டேன். ஒரு வார்த்த என் மேல வந்தா நான் கொறஞ்சா போய்டுவேன்? உள்ள போம்மா. இன்னிக்கு நீ வந்துட்டா, அப்பால உன்ன யாரு கொண்டாந்து வுடுறது? மாப்ள மனசு மாறுவாரு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அப்பா சொல்வதும் ஜூடிக்குப் புரியாமல் இல்லை. போளூரில் கடைக்கு மேலே இருப்பது ஒற்றை அறை. அம்மா என்ன சொல்வாள், கோயிலில் யார் யார் என்ன கேட்பார்கள் என்று மனசுக்குள் ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வண்டி சீட்டில் வைத்த கை சுட்டது.

ஜோபின் வெளிப்படியில் இறங்கி வருவது தெரிந்தது. டோமினிக் முகம் மலர்ந்தது. "பாத்தியா, பாத்தியா, வராரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மருமகனுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். ஜூடியும் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சொல் போதும் என்று அவளுக்கு அப்போது இருந்தது. அதைக்கூட அவன் அவளிடம் சொல்ல வேண்டாம், அப்பாவிடம் சொன்னால் போதும்.

ஜோபின் பக்கத்தில் வந்தான். தொண்டையைச் செருமினான்.

"அந்த ரிமோட்ட எங்க வச்ச?" என்றான். "அம்மாவுக்குக் குளுருதாம்."

டோமினிக் மருமகனின் முகத்தையே பார்த்தபடி நின்றார், ஏதோ கோளாறு எங்கே என்று தேடுகிறவர்போல. பிறகு டூல் பேக்கை வண்டியில் மாட்டினார். ஸ்டாண்டைத் தள்ளி, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார்.

"ஏறி உக்காரும்மா" என்றார்.